தண்டட்டியைக் காப்பாற்றிய விதம்

புதுச்சேலை என் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது, இன்ஸ்பெக்டர் ஐயா. கஞ்சி வாடை மூக்கில் ஏறினாலே தும்மல் வந்துவிடும். நாலு பேர் கட்டி, நூறு தடவை வெளுத்து, மெத்தென்று ஆன சேலைதான் எனக்குச் சரி. நகையும் அப்படியே. தைப்பிங்கில் என் வீட்டுக்காரர் பெரிய கிராணி, ஆபீஸ் கணக்கெல்லாம் அவர் கையில். புதிது வாங்க வக்கில்லாதவள் என்று எழுதிவிடாதீர்கள்.

வருஷா வருஷம் தைப்பூசத்துக்குக் கோலாலம்பூர் வருவேன். மற்றவர்கள் பத்துமலை ஏறுவார்கள். நான் கிள்ளானில் பழைய துணிக்கடை, அடகில் மூழ்கிய நகை விற்கும் கடை என்று ஏறி இறங்குவேன். முருகன் எங்கே போய்விடப் போகிறார்? நல்ல பழைய சாமான் அடுத்த வருஷம்வரை காத்திருக்காது. இந்தத் தடவை அரக்குக் கரை போட்ட கண்டாங்கிச் சேலை ஒன்று அகப்பட்டது. அந்தச் சிவப்பை இப்போது எவனும் போடுவதில்லை.

தங்குவது பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே குடியிருப்பில், மாரியாயி வீட்டில். வயதான விதவை. மகன் நாகையாவுக்குச் செந்தூல் பட்டறையில் வேலை. மருமகள் பிரசவத்துக்குக் காஜாங்கில் தாய்வீடு போயிருந்தாள். மாரியாயியின் காது தோளைத் தொடும். அதில் ஒரு ஜோடி தங்கத் தண்டட்டி, அந்தக் காலத்துக் கைவேலை. என் காதில் அது நுழையவே நுழையாது. அதனாலென்ன, பெட்டியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கலாமே. வரும்போதெல்லாம் விலை கேட்பேன்.

"குடுக்கமாட்டேன் தாயி. ஆசாரிகிட்ட சொல்லியாச்சு. வர்ற வெள்ளிக்கெழம உருக்கி, பொறக்கப்போற புள்ளைக்கு அரைஞாணும் காப்பும் பண்ணப்போறேன்" என்றார் இந்தத் தடவை, சிரித்துக்கொண்டே.

உருக்குவதாம். பிள்ளைக்கு இடுப்பு பெருத்தால் கழற்றிப் போடும் ஒரு கயிற்றுக்காக அந்த வேலைப்பாட்டை நெருப்பில் போடுவதா? இதைத்தான் நான் கொலை என்பேன். நீங்கள் அந்த வார்த்தையை வேறு எதற்கோ வைத்திருக்கிறீர்கள்.

மறுபடி கிள்ளான் போய், அதே அச்சில் ஒரு பித்தளை ஜோடி வாங்கி வந்தேன். முன்கூட்டியே திட்டம் என்று உங்கள் ஆள் எழுதுகிறார். எழுதட்டும். பெரிய மனுஷியை வெறுங்காதாய் விட மனசில்லாமல் வாங்கியது அது.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மாரியாயி பாயில் படுத்தார். குறட்டை வந்ததும் இடது காதில் மாற்றிவிட்டேன். வலது காதில் கை வைத்தபோது விழித்துக்கொண்டார்.

"என்ன தாயி, காதுல எறும்பா?"

ஆமாம் என்று சொல்லித் தலையணையை முகத்தில் வைத்தேன். தூங்கிக்கொண்டே இருந்திருந்தால் இன்றைக்கும் வெற்றிலை இடித்துக்கொண்டிருப்பார். கண்ணைத் திறந்தது அவர், பழி மட்டும் என் தலையில்.

வலது காதையும் மாற்றிவிட்டு அப்படியே எழுந்து போயிருந்தால் நீங்கள் என்னைப் பார்த்திருக்கவே மாட்டீர்கள். தூக்கத்தில் போன கிழவி என்று எடுத்திருப்பார்கள். ஆனால் நான் வளர்ந்த வீடு அப்படிப்பட்டதில்லை. கால் ஒவ்வொன்றும் ஒரு திசை பார்க்கப் பிணத்தைப் போட்டுவிட்டுப் போக நான் என்ன காட்டுமிராண்டியா? கைக்கு வேறு துணி அகப்படவில்லை. கண்டாங்கியின் கரையைக் கிழித்துக் கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டினேன். கண்ணையும் மூடிவிட்டேன். பிறகு பாசாருக்குப் போய் வாழைப்பழம் வாங்கினேன்.

சாயங்காலம் திரும்பியபோது நாகையா அழுதுகொண்டிருந்தான். நானும் அழுதேன், நிஜமாகவே வந்தது. கால் கட்டத் துணியோடு வந்த பக்கத்து வீட்டு நல்லம்மாள் குனிந்தவள், அப்படியே நின்றுவிட்டாள்.

"நாகையா, நீயா கட்டுன?"

"நான் இப்பத்தானே வேல விட்டு வந்தேன். நீங்க கட்டலையா அக்கா?"

"செத்தவ தன் கால தானே கட்டிக்குவாளா?"

அப்போதுதான் அவள் கண் அந்தச் சிவப்புக் கரையில் விழுந்தது. முந்தின நாள் அந்தச் சேலையை அவளிடம் விரித்துக் காட்டிப் பீற்றிக்கொண்டது நான்தான். என் வாய் சும்மா இருந்தால்தானே.

ஆமாம், மாரியாயியைக் கொன்றது நான்தான். ஆனால் இதையும் எழுதுங்கள்: கொலைகாரி எவளாவது செத்தவளுக்குக் கால் கட்டுவாளா? தண்டட்டியை நாகையாவிடமே கொடுக்கப்போகிறீர்களாம். அவன் அதை உருக்கத்தான் போகிறான். யாரையாவது அனுப்பித் தடுங்கள், ஐயா. கண்ணெதிரே ஓர் உயிர் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு நெஞ்சு இல்லை.