இரண்டாவது கையெழுத்து

மேடையில் அமர்ந்திருக்கும் பூங்கா மேற்பார்வையாளர் அவர்களே, நம் பறவை நோக்கும் குழுவின் தலைவி நர்ஸம்மா அவர்களே, முன்வரிசையில் கைகளைக் கோத்தபடி அமர்ந்திருக்கும் என் தங்கச்சியே, ஞாயிறுதோறும் எங்களோடு நடந்த நண்பர்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

இத்தனை பேர் இருந்தும் இந்த அறையில் இவ்வளவு அமைதி! இதற்கு முன் நம்மை இப்படி வாயடைக்க வைத்தவர் ஒருவர்தான். உதட்டில் ஒரு விரலை வைப்பார்; எடுத்த காலைக் கீழே வைக்காமல் நிற்போம். அந்த விரல் இன்று இல்லை.

லிப்ட்காரர் என்றுதான் அவரை அழைத்தோம். நாற்பது ஆண்டுகள் லிப்ட் பழுது பார்த்தவர். "அத்தனை வருஷமும் இருட்டுக் குழிக்குள்ள நின்னு அண்ணாந்து பாத்தே கழுத்து பழகிப்போச்சு, வாத்தியாரே. இப்ப வெளிச்சத்துல பாக்குறேன், அவ்வளவுதான்" என்பார்.

அவரிடம் இருந்தது ஒரே ஒரு பைனாகுலர். இதோ, மேசைமேல் இருக்கிறது. ஒரு பறவை கண்ணில் பட்டதும் அதைக் கழற்றிப் பக்கத்தில் நிற்பவரிடம் கொடுப்பார். அது கைமாறிக் கைமாறி அவரிடம் திரும்பும்போது கிளை காலியாக இருக்கும். எத்தனை பறவைகளை அவர் சரியாகப் பார்க்காமலே நமக்குக் காட்டியிருப்பார்!

அவர் தவறே செய்யாதவர் என்று சொன்னால் அவரே எழுந்து வந்து சண்டை பிடிப்பார். குளத்துக்கு அக்கரையில், நாணல் நடுவே, ஒரு சாம்பல் நாரை அசையாமல் நிற்பதாக மூன்று ஞாயிறு தொடர்ந்து நம் பறவைப் பதிவு நோட்டில் எழுதினோமே, நினைவிருக்கிறதா? "தவம்னா இதுதான்யா தவம்" என்று அவர் நெகிழ்ந்தார். நானும் தலையாட்டினேன். நான்காவது ஞாயிறு நர்ஸம்மா சுற்றிக்கொண்டு அக்கரைக்கே போய்க் கத்தினார்: "அண்ணே, உங்க நாரைக்குக் கைப்பிடி இருக்குண்ணே!"

யாரோ வீசிப்போன குடை!

நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவரும் சிரித்தார். ஆனால் வீட்டுக்குப் போகுமுன் மூன்று வாரப் பதிவையும் கோடிட்டு அடித்து, ஓரத்தில் 'குடை' என்று எழுதினார். அன்றே ஒரு விதியும் வைத்தார்: இரண்டு பேர் பார்த்து, இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் அது பதிவு. ஒருவர் மட்டும் பார்த்தது சேராது. அந்த விதியால்தான் பூங்கா அலுவலகமே நம் நோட்டை நம்பத் தொடங்கியது.

நண்பர்களே, இனி நான் சொல்லப்போவது எனக்கு எளிதாக இல்லை.

குளக்கரையில் உள்ள பட்ட மரத்தை நாளை மறுநாள் வெட்டுவதாக முடிவாகியிருந்தது. கிளை முறிந்து நடைபாதையில் விழுந்ததால் எடுத்த முடிவு. யாரையும் குறை சொல்ல முடியாது. போன வாரம் செவ்வாய்க்கிழமை அந்த மரத்துப் பொந்தில் ஒரு மரங்கொத்தி நுழைவதை லிப்ட்காரர் பார்த்தார். மேற்பார்வையாளரிடம் ஓடினார். "குஞ்சு இருந்தா அது பறக்குற வரைக்கும் வெட்ட மாட்டோம். உங்க நோட்டுல ரெண்டு கையெழுத்தோட கொண்டாங்க" என்றார் இவர். நியாயமான பேச்சு.

வியாழக்கிழமை மாலை எனக்குப் போன் வந்தது.

"வாத்தியாரே, நாளைக்குக் காலையில அஞ்சு நிமிஷம் வாங்க. ரெண்டாவது கண்ணு ஒண்ணு வேணும்."

"ஞாயித்துக்கிழமை எப்படியும் வருவேனே. மரங்கொத்தி எங்க ஓடப்போகுது?"

"அது ஓடாது. மரம்தான் ஓடிடும்" என்று சிரித்தார். வற்புறுத்தவில்லை.

என் வீடு பூங்காவுக்கு எதிரே இருக்கிறது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை காலை நான் காப்பி குடித்துக்கொண்டு செய்தித்தாள் படித்தேன். அவர் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மதியம் மார்பு வலி என்றார். அவ்வளவுதான்.

இறுதிச் சடங்கெல்லாம் முடிந்து நேற்று காலை நான் பூங்காவுக்குப் போனபோது, வாசலில் அவர் மனைவி, நான் தங்கச்சி என்று அழைப்பவர், அந்த நோட்டோடும் பைனாகுலரோடும் நின்றிருந்தார். "எத்தனையோ தடவ கூப்பிட்டாருண்ணே, ஒரு நாளும் வரல. எனக்கும் காட்டுங்க" என்றார். இருவரும் இருபது நிமிடம் நின்றோம். மரங்கொத்தி வந்தது. பொந்திலிருந்து ஒரு சின்ன அலகு எட்டிப் பார்த்தது. பைனாகுலரை முதலில் அவரிடம் கொடுத்தேன். "இதுக்காகவா மனுஷன் காப்பியக்கூட ஆறவிட்டுட்டு ஓடுனாரு!" என்று சிரித்தவர், சிரித்தபடியே அழுதுவிட்டார்.

நோட்டைத் திறந்தேன். செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. நான்கு வரிகள். நான்கிலும் அவர் கையெழுத்து ஒன்று மட்டுமே. அருகில் வெற்றிடம். அதில் என் பெயரை எழுதிவிடலாமா என்று பேனாவைத் திறந்தேன். எழுதவில்லை. அன்று நான் அங்கே இல்லையே! நாரையை அடித்துவிட்டுக் குடை என்று எழுதிய மனிதரின் நோட்டில் நான் பொய் எழுதுவதா? அந்த நான்கு இடங்களும் அப்படியேதான் இருக்கும்.

ஐந்தாவது வரி நேற்றையது. அதில் என் கையெழுத்தும் தங்கச்சியின் கையெழுத்தும் இருக்கின்றன. மேற்பார்வையாளர் அவர்களே, நீங்கள் கேட்டது இதோ. வாங்கிக்கொள்ளுங்கள்.

தலையாட்டிவிட்டார். நன்றி, ஐயா.

குஞ்சுகள் பறக்க இன்னும் சில வாரங்கள் ஆகும். அதுவரை தினமும் இரண்டு பேர் போவோம்; நோட்டில் ஒரு நாளும் விடுபடாது. இனி நம்மில் ஒருவர் வா என்றால், மற்றவர் ஞாயிறு வரட்டும் என்று சொல்ல மாட்டோம்.

நாளைக் காலை ஆறு மணிக்கு அந்தப் பட்ட மரத்தடியில் நான் நிற்பேன். இரண்டாவது ஆளாக யார் வருகிறீர்கள்?