மெமோ என்று நினைத்த கடிதம்

மூணாறிலிருந்து கிளம்பிய பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு ஆராய்ச்சி மாணவிகள். ஜன்னலோரம் இருந்தவள் பேச ஆரம்பித்ததுமே நான் செய்தித்தாளை மடித்துவிட்டேன்.

“ஜர்னலுக்கு அனுப்புன என் கட்டுரையப் படிச்சுப் பாத்த ரெண்டு பேரும் கிழிச்சுத் தொங்க விட்டுட்டாங்க ஜெசி. மன்னிப்புக் கேட்டு லெட்டர் எழுதிட்டேன்.”

“யாருக்கு?”

“ஜர்னல் எடிட்டருக்குத்தான். ‘இனிமே இப்படித் தப்பு நடக்காது’ன்னு.”

“அடிப்பாவி! எதுக்குடி?”

“எஸ்டேட்ல மேனேஜர் மெமோ குடுத்தா எங்கப்பா அப்படித்தான எழுதிக் குடுப்பாரு? இதையும் மெமோன்னு நெனச்சுட்டேன்.”

ஜெசி அவள் போனைப் பிடுங்கி எடிட்டர் அனுப்பியிருந்த கடிதத்தைப் படித்தாள். பள்ளிவாசல் வளைவில் பஸ் திரும்பும்போது அவள் போட்ட கூச்சலில் கண்டக்டரே எட்டிப் பார்த்தார்.

“லூசு! வேண்டாம்னு யாரும் சொல்லல. திருத்தி அனுப்பச் சொல்லிருக்காங்கடி!”

“நெசமாவா? பதினாலு கேள்வி கேட்டிருக்காங்களே?”

“வேண்டாத கட்டுரைக்கு யாரு ஒக்காந்து பதினாலு கேள்வி எழுதுவா? ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் எங்க வீட்டுக்கு வந்துரு. ரெண்டு பேருமா ஒவ்வொண்ணுக்கும் பதில் எழுதுவோம்.”

ஜன்னலோரத்துக்காரி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். “ஆமா, ஒன் கட்டுரைய அனுப்பிட்டியா?”

ஜெசி போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

“எட்டு மாசமா கம்ப்யூட்டருக்குள்ளயே கெடக்கு. பயந்துக்கிட்டு யார்ட்டயும் காட்டல. ஞாயித்துக்கெழம நீ படிச்சுப் பாரு, அன்னைக்கே அனுப்பிருவோம். எனக்கும் ஒரு மெமோ வரட்டும்டி!”