குழாய் ஆலைச் சுவரின் தகரத்தைப் பெயர்த்தவர் பற்றி

நான் வாய் மூடியிருந்தது போதும். வயது ஐம்பத்து நான்கு. கட்டடப் பொறியாளர். குடியிருப்பு மெரிலேண்ட்ஸ். பெயரைக் கடைசியில் பார்க்கலாம்.

சென்ற அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, ரயில் பாதையை ஒட்டி மூடிக்கிடக்கும் குழாய்த் தொழிற்சாலைச் சுவரில் தேனீக்கள் மொய்ப்பதாக எங்கள் தேனீ வளர்ப்போர் வட்டத்துக்குத் தகவல் வந்தது. வட்டத்தின் தலைவர் ஆனந்தராஜாவும், அவருடைய துப்புரவு நிறுவனத்தில் வேலை செய்யும் ஜெயதீபனும், நானும் போனோம். கிளையில் தொங்கும் கூட்டமென்றால் பெட்டியைக் கீழே பிடித்து உலுக்கினால் போதும். காப்பதற்குக் கூடும் குஞ்சும் இல்லாததால் அது அநேகமாகக் கொட்டாது. இங்கே தேனீக்கள் கால்களில் மகரந்தத்துடன் தகரத்தின் இடுக்கில் நுழைந்துகொண்டிருந்தன. உள்ளே அடை கட்டிக் குஞ்சு வளர்க்கின்றன, நடைபாதையை மறிக்காமல் தகரத்தைத் தொடக் கூடாது என்று ஆனந்தராஜாவிடம் கூறினேன்.

“எஞ்சினியர், உங்கட பாடத்தைக் கூட்டத்தில எடுங்கோ. அங்கதான் நித்திரை கொள்ள ஆக்கள் இருக்கினம்” என்றார்.

அதன் பிறகு அவர் ஏணியில் ஏறினார். ஜெயதீபன் கீழே இரண்டு கைகளாலும் ஏணியைப் பிடித்திருந்தார். ஆனந்தராஜா கடப்பாரையால் தகரத்தை நெம்ப, அடை பிளந்து விழுந்தது. அதன் பிறகு, நாயுடன் அவ்வழியே வந்த ஒரு பெண்ணைத் தேனீக்கள் சூழ்ந்தன. அவருக்கு முகம் வீங்கி மூச்சு இழுத்தது. ஆனந்தராஜா வேனுக்குள் ஏறிக் கண்ணாடியை உயர்த்திக்கொண்டார். ஜெயதீபன் தன் முகவலையைக் கழற்றி அப்பெண்ணுக்கு மாட்டினார். நான் ஆம்புலன்ஸை அழைத்து, வழிகாட்டத் தெருமுனைக்கு ஓடினேன். அப்பெண் பிழைத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

அதன் பிறகு வந்த போலீசாரிடம், சொல் கேளாமல் தகரத்தைப் பெயர்த்தது ஜெயதீபன் என்று ஆனந்தராஜா கூறியிருக்கிறார். ஜெயதீபனும் ஒப்புக்கொண்டிருக்கிறார். தெருமுனையில் நின்ற என்னை எவரும் விசாரிக்கவில்லை. மறுநாள் ஜெயதீபனிடம் போய், ஏன் ஒப்புக்கொண்டீர் என்று கேட்டேன்.

“அவர்தானே அண்ணை வேலை தந்தவர். வேலை போனா வாடகை இல்லை. வழக்கு வந்தா விசா இல்லை. எதை முதல்ல விடுறது, நீங்களே சொல்லுங்கோ.”

இப்போது ஜெயதீபன்மீது வழக்குப் பதியப்போவதாக அறிகிறேன். இரண்டு வாரமாக எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. போலீஸ் நிலையம் போகக் கார்ச் சாவியை எடுக்கிறேன், வைக்கிறேன்.

நான் கண்ணால் கண்டதை மட்டுமே நிகழ்ச்சியாகவும், காதால் கேட்டதைக் கேட்டதாகவும் எழுதியிருக்கிறேன். வட்டத்தில் என் செயலாளர் பதவியைப் பறித்தவர் ஆனந்தராஜா. என் பெயர் இதன் கீழே இருந்தால், பழைய பகை தீர்க்கிறான் என்பார்கள். பேச்சு என்னைப் பற்றியதாகிவிடும், ஜெயதீபனை மறந்துவிடுவார்கள். அங்கே நின்றவர்கள் மூவர், இருவர் பெயரை எழுதிவிட்டேன். எழுதியது யாரென்று ஆனந்தராஜாவுக்குத் தெரிந்துவிடும். தெரியட்டும். கையெழுத்துப் போடாமலே போலீசுக்குத் தபாலில் சேர்க்கிறேன்.