மழையில் கேட்ட பத்துக் கட்டளை

அவைக்கு அணியாக வீற்றிருக்கும் தலைவர் ரப்பி ரஹமீம் அவர்களே, தாடி நரைத்தும் தளராத பெரியோர்களே, திரைக்கு அப்பாலிருந்து என் பேச்சைவிட என் பிழைகளை உன்னிப்பாகக் கேட்கும் தாய்மார்களே, சஃபேத் நகரத்துச் சான்றோர்களே, ஓய்வுநாள் வணக்கம்.

நம் மறைநூலான தோராவில் இந்த வாரப் பகுதி என்ன சொல்கிறது? காலைமுதல் மாலைவரை மக்கள் கால்கடுக்க நிற்க, மோசே ஒருவரே வழக்குத் தீர்க்கிறார். மாமனார் எத்திரோ வருகிறார், பார்க்கிறார், "நீ செய்வது நல்லதல்ல, பாரத்தைப் பகிர்ந்துகொள்" என்கிறார். பத்தொன்பது ஆண்டுகளாக இதே மேடையில் இதை முழங்கியவன் நான். முழங்கியவன் ஒரு முழமாவது கேட்டேனா?

ஜெப ஆலயத்தைத் திறப்பது யார்? நான். நாற்காலி போடுவது? நான். யார் வாசிப்பது என்று தீர்ப்பது? அதுவும் நான். சிரிக்காதீர்கள் அம்மா, இனிமேல்தான் இருக்கிறது.

இதே பகுதியில்தான் சீனாய் மலையில் தந்த பத்துக் கட்டளைகளும் வருகின்றன. ரொட்டிக்கடை அவிக்தோரை அறிவீர்கள். கொஞ்சம் திக்கிப் பேசுவார். ஒன்பது ஆண்டுகளாகக் கேட்டார்: "அ-அண்ணே, இந்த வருஷம் பத்துக் கட்டளைய நா-நான் வாசிக்கட்டுமா?"

"அடுத்த வருஷம் பாக்கலாம்ப்பா" என்பேன். காரணம் சொன்னதில்லை. அவர் அறியாமலா இருப்பார்?

சென்ற ஆண்டு இதே ஓய்வுநாள். கொட்டும் மழை. எல்லோருக்கும் முன்னால் வந்தேன், எவரும் நுழையாதபடி வாசலை உள்ளிருந்து பூட்டினேன், திராட்சைரசம் எடுக்கப் பின்னறைக்குப் போனேன். காற்றில் அந்த அறையின் கதவு சாத்திக்கொண்டது. உள்பக்கம் கைப்பிடி இல்லை, எப்போதோ உடைந்துபோனது. "தச்சனைக் கூப்பிடலாமா?" என்று கேட்டவரிடம், "நானே பாத்துக்கறேன்" என்ற மகானும் நான்தான்.

சற்று நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே பேச்சுக் குரல்.

"சாவி யாருகிட்ட?"

"வேற யாருகிட்ட? மோசேக்காவது புத்தி சொல்ல ஒரு மாமனார் இருந்தாரு. இவருக்கு யாரு சொல்றது?"

கூப்பிட்டிருக்கலாம். வெட்கம் வாயை அடைத்தது. நான் இல்லாமல் தவிப்பார்கள் என்று சற்றே ஆசையும் பட்டேன். தவித்தார்களா? மழையிலேயே தோளோடு தோள் நெருங்கி நின்று தொழத் தொடங்கினார்கள்.

தோராச் சுருளோ பூட்டிய ஆலயத்துக்குள்ளே, என்னோடு. "யாருக்காச்சும் மனப்பாடமா தெரியுமா?" என்றார் ஒருவர். பிறகு அவிக்தோரின் குரல்.

திக்கினார், நின்றார், தொடர்ந்தார். ஒவ்வொரு கட்டளையும் கல்லில் செதுக்குவதுபோல் மெல்ல மெல்ல வந்தது. ஒருவரும் சொல்லெடுத்துக் கொடுக்கவில்லை, ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. இடி இடித்தது. சீனாய் மலையடியில் நின்றதுபோல் நான் எழுந்து நின்றேன், பெட்டிகளுக்கு நடுவில், கண்ணீரோடு. அந்தக் கட்டளைகளை முதலில் மக்களுக்குச் சொன்ன மோசேயே திக்குவாயர் அல்லவா? படித்தவன் நான், மறந்தவனும் நான்.

அவர் முடித்த பிறகே ஜன்னலைத் தட்டினேன். கம்பி வழியாகச் சாவியை நீட்டினேன். கதவைத் திறந்தவர் அவிக்தோர்.

"எ-எல்லாத்தையும் கேட்டீங்களா அண்ணே? எப்-எப்படி இருந்துச்சு?"

குற்றம் சாட்டவில்லை, ஒரு குத்தலும் இல்லை. மேடையில் கொடிகட்டிப் பறந்த என் நாக்கு அன்று திக்கியது. "ம-மன்னிச்சுருப்பா" என்றேன்.

இன்று காலை சுருளின் முன் நின்று வாசித்தவர் அவர்தான். வழக்கத்தைவிட இருமடங்கு நேரம். நேற்றே அடுப்பில் ஏற்றிவைத்த உங்கள் சமையல் அடிப்பிடித்திருந்தால், தாய்மார்களே, என்னைத் திட்டுங்கள், எனக்குப் பழக்கம்தான். ஆனால் ஒருவராவது பாதியில் எழுந்து போனீர்களா? அந்தப் பொறுமைக்குத் தலைவணங்கி, பேச இடம் தந்த அவைக்கு நன்றி கூறி அமர்கிறேன். உங்கள் இல்லங்களில் ஓய்வும் அமைதியும் நிறைக.