பிடிக்க வராத வண்டி

மயிலாப்பூர் குளத்தோரம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். நடைபாதையில் கோணியை விரித்து உட்கார்ந்திருந்த ஒரு பெண், பக்கத்து டீக்கடையில் நின்ற காக்கிச் சட்டைக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"இன்னா நைனா, இந்த மாசம் என்னிய புடிக்க வரவே இல்ல?"

அவர் சிரித்தார். பிளாட்பாரத்தில் படுப்பவர்களை ஏற்றிப்போய்க் காப்பகத்தில் விடும் வண்டியின் டிரைவர் அவர் என்பது பேச்சிலிருந்து புரிந்தது.

"புடிச்சினு போனா மட்டும் இருக்கவா போற? பாலவாக்கத்துல வுட்டா, மறுநா இங்க வந்து குந்திக்கினு கீற."

"அங்க கதவ பூட்டிடறாங்கோ. வண்டிதான் நல்லா கீது. முன்சீட்டுல குந்த வெப்ப. கடல் தெரியசொல்லோ எனக்காக மெதுவா ஓட்டுவ."

"உனக்காவ ஒண்ணும் இல்ல. ரோடு குண்டும் குழியுமா கீது."

"சரி, எப்ப வர்ற?"

டிரைவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"இனிமே வண்டி வராதும்மா. அதுக்கு ஒதுக்குன காசு தீந்துபோச்சாம். என்னிய குப்ப வண்டிக்கு மாத்திட்டாங்கோ. உன்ன இனிமே யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்கோ. நிம்மதியா தூங்கு."

அவள் கோணியின் ஓரத்தை மடித்தாள், பிரித்தாள்.

"வண்டில ஏத்தசொல்லோ ஒவ்வொரு வாட்டியும் உங்கூட வர்ற மேடம் நோட்டுல எழுத எம்பேரு கேக்கும்" என்றாள். "இனிமே யாரு கேப்பா?"