செருமலும் இரண்டு வார்த்தையும்

எனக்குத் தும்மல் நன்றாக வரும். என்னுடைய தும்மல் இல்லை, மற்றவர்களுடையது. எங்கள் முதலாளி தும்மினால் முதலில் மூக்கை இரண்டு முறை உறிஞ்சி, பிறகு யாரையோ திட்டுவது மாதிரி ஒரு சத்தம் போடுவார். அதை அப்படியே செய்வேன். மேனேஜரின் கொட்டாவி, வெல்டரின் ஏப்பம், எதைக் கேட்டாலும் ஸ்டோர் கீப்பர் "இல்லையே" என்று இழுப்பது, எல்லாம் என் கைவசம் உண்டு. வேறு எந்தச் சொத்தும் என் கைவசம் கிடையாது.

நடந்ததை ஒன்று விடாமல் எழுதித் தரச் சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர் சார். பேனாவும் தாளும் ஒரு டீயும் கொடுத்திருக்கிறீர்கள். டீயில் சர்க்கரை இல்லை. இப்போது நான் இருக்கும் நிலையில் அதைப் புகாராகச் சொல்ல முடியாதுதான்.

நான் கனரக வண்டிகள் பழுது பார்க்கும் பட்டறையில் ஹோஸ் மெக்கானிக். புல்டோசர், லோடர் போன்ற ராட்சத வண்டிகளில் எண்ணெய் ஓடும் ரப்பர் குழாய்களை மாற்றுவது என் வேலை. பத்தொன்பது வருடமாகச் செய்கிறேன். பத்தொன்பது வருடத்தில் ஒருவர்கூட "நல்லா ஹோஸ் மாட்றீங்க" என்று சொன்னதில்லை. "இன்னொரு தடவை முதலாளி மாதிரி தும்முங்க" என்றுதான் கேட்பார்கள். நானும் தும்முவேன்.

இறந்துபோன ஃபோர்மேன் என் தங்கையின் கணவர். வீட்டில் மாப்பிள்ளை என்பேன், வேலையில் ஃபோர்மேன் என்பேன். அவருக்கு நான் இரண்டு இடத்திலும் மச்சான்தான். கல்யாணத்தன்று அவருடைய அப்பா மாதிரி பேசிக் காட்டினேன். மண்டபமே குலுங்கியது. அவருடைய அப்பாவே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். மாப்பிள்ளை மட்டும் மாலையோடு என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நல்லா இருக்கு மச்சான். உங்க குரல் எது?"

கிண்டலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். மண்டப மேனேஜரின் குரல் வந்தது. அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள்.

அவருடைய குரலை மட்டும் வெகுகாலம் நான் தொட்டதே இல்லை. மரியாதையால் அல்ல. எந்தக் குரலுக்கும் ஒரு பிடி வேண்டும். அவர் குரலில் பிடி இல்லை. தட்டையான குரல், குறைந்த பேச்சு. மோதிரத்தோடு வேலைக்கு வராதே, தொளதொள சட்டைக்கை கூடாது, ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் நுழையாதே என்பதையெல்லாம்கூடப் பலகையில் எழுதி மாட்டிவிடுவார். பலகையை எப்படி மிமிக்ரி செய்வது?

ஒரே ஓர் இடத்தில் மட்டும் அவர் வாயைத் திறந்தாக வேண்டும். அதைச் சொன்னால்தான் மற்றது புரியும்.

லோடர் வண்டியைப் பார்த்திருப்பீர்கள். மண் அள்ளும் பெரிய தொட்டி முன்னால் இருக்கும். அந்த வண்டி திரும்பும்போது சக்கரம் மட்டும் திரும்பாது. வண்டியே நடுவில் இரண்டாக மடங்கும். அந்த மடங்கும் இடத்துக்கு எங்கள் பேச்சில் இடுப்பு என்று பெயர். வேலை நடக்கும்போது இடுப்பு மடங்காமல் இருக்க ஒரு கனமான இரும்புச் சட்டத்தைக் குறுக்கே மாட்டிவைப்போம். வேலை முடிந்து ஸ்டியரிங்கைச் சோதிக்க வேண்டுமென்றால் சட்டத்தை எடுத்தாக வேண்டும். எடுத்தபின் அந்த இடைவெளியில் ஆள் நின்றால், மேலே கேபினில் இருக்கும் ஆபரேட்டருக்குத் தெரியாது.

அதனால் மாப்பிள்ளை ஒரு வழக்கம் ஏற்படுத்தினார். ஆபரேட்டர் "யார் வெளிய?" என்று கத்துவார். வேலை செய்த ஒவ்வொருவரும் தள்ளி வந்து நின்று பதில் சொல்ல வேண்டும். "வெல்டர் வெளிய." "ஹோஸ் வெளிய." சட்டத்தை எடுப்பவர் ஃபோர்மேன், அதனால் கடைசிப் பதில் அவருடையது. தொண்டையைச் செருமிவிட்டு, "ஃபோர்மேன் வெளிய" என்பார். அதற்குப் பிறகுதான் சாவியைத் திருப்பலாம்.

எங்கள் ஆபரேட்டரை ஹாரன் என்று கூப்பிடுவோம். சிரித்தால் நாலு தெருவுக்குக் கேட்கும். இப்போது உங்கள் லாக்கப்பில் இருப்பது அவர்தான்.

நாலு மாதத்துக்கு முன் ஒரு நாள் ஹாரன் "யார் வெளிய?" என்றார். வெல்டரைக் காணோம். நான் ஓர் ஏப்பம் விட்டு, "வெல்டர் வெளிய" என்றேன். ஹாரனுக்கு நான்தான் என்று தெரிந்துபோனது. ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தார். மாப்பிள்ளை வண்டியைச் சுற்றி வந்து தலைகளை எண்ணினார்.

"வெல்டர் எங்க?"

வெல்டர் கை கழுவிய ஈரத்தோடு பின்வாசலில் வந்து நின்றார். "என்ன, எல்லாரும் என்னையே பாக்கறீங்க? பாத்ரூம் போறதுக்கும் லீவ் லெட்டர் குடுக்கணுமா?"

"இவர் வண்டிக்கு நடுவுல இருந்திருந்தா?" என்று மாப்பிள்ளை என்னைக் கேட்டார்.

"அவர் பாத்ரூம்லதானே மாப்பிள்ளை இருந்தார்? அங்க நடுவுல மாட்டிக்கிட்டா அது அவர் பிரச்சினை."

ஹாரன் ஹாரன் அடித்தார். வெல்டரே சிரித்துவிட்டார். மாப்பிள்ளை திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும், திட்டுவதை மிமிக்ரி செய்யலாம். "இனிமே குரல் வேணாம், பூட்டு போடலாம்" என்று மட்டும் சொன்னார். ஆளுக்கொரு பூட்டு, ஆளுக்கொரு சாவி. வேலை தொடங்குமுன் அவரவர் பூட்டை பேட்டரி சுவிட்சில் மாட்ட வேண்டும். எல்லாப் பூட்டும் கழன்றால்தான் வண்டிக்கு உயிர் வரும்.

"பூட்டுக்கு மிமிக்ரி தெரியாது மச்சான்."

மேனேஜருக்கு எழுதிய காகிதத்தில், "பதில் சொல்லும் முறையில் குறை உள்ளது" என்று எழுதினார். என் வேலை போய்விடக் கூடாதே என்று யார் செய்தது என்பதை விட்டுவிட்டார். பட்டறையே சிரிக்கும்படி ஒருவன் ஏப்பம் விட்டிருக்கிறான், அவன் யார் என்று எழுதக்கூட அவருக்குத் தோன்றவில்லை. ஒரு கலைஞனுக்கு இதைவிட அவமானம் உண்டா? நீங்கள் சிரிக்கலாம் சார். நானும் இதை எழுதும்போது சிரித்தேன்.

நாலு பூட்டு வாங்க எங்கள் முதலாளி நாலு மாதம் யோசித்தார். அந்த நாலு மாதமும் நான் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு மாப்பிள்ளையின் குரலைப் பயிற்சி செய்தேன். செருமல் வருவதற்கே மூன்று வாரம் ஆனது. மேலண்ணத்தில் தொடங்கி மூக்குக்குப் போகாமல் திரும்ப வேண்டும். பக்கத்து வீட்டு அம்மா இருமலுக்கு மருந்து அனுப்பினார். இனிப்பாக இருந்தது, குடித்தேன்.

என் நோக்கம் தமாஷ்தான். தன் குரலைத் தானே கேட்டால் மாப்பிள்ளை ஒருமுறையாவது சிரிப்பார் என்று நினைத்தேன். இதைத் தயவுசெய்து கோடிட்டுக் கொள்ளுங்கள்.

பூட்டுகள் வெள்ளிக்கிழமை வந்தன. திங்கள் முதல் மாட்ட வேண்டும். சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு ஒரு லோடரின் ஸ்டியரிங்கைச் சோதிக்க வேண்டியிருந்தது. நான் புது ஹோஸ் மாட்டிய வண்டி. மற்றவர்கள் வெளி வேலைக்குப் போயிருந்தார்கள். கேபினில் ஹாரன், கீழே மாப்பிள்ளை, நான். அதுதான் குரலுக்குக் கடைசி நாள். எனக்கும்தான்.

மாப்பிள்ளை சட்டத்தைக் கழற்றி ஓரமாக வைத்தார். இடைவெளியிலிருந்து வெளியே வரப் போனவர் நின்றார். ஹோஸ் சேரும் இடத்தில் எண்ணெய் துளித்துக்கொண்டிருந்தது.

"மச்சான், இங்க கசியுதே. நல்லா டைட் வெச்சீங்களா?"

"வெச்சேனே மாப்பிள்ளை. பக்கத்துல போய்ப் பாருங்க."

துணியை எடுத்துக்கொண்டு குனிந்தார். அவர் எந்த விதியையும் மீறவில்லை, இதையும் எழுதிக்கொள்ளுங்கள். தான் பதில் சொல்லாதவரை வண்டி அசையாது என்று நம்பினார். அந்த விதியைப் போட்டதே அவர்தான்.

மேலேயிருந்து ஹாரன், "யார் வெளிய?" என்றார்.

"ஹோஸ் வெளிய" என்றேன்.

மாப்பிள்ளை "இரு" என்று சொல்ல நிமிர்ந்தார். அதற்குள் நான் செருமினேன். "ஃபோர்மேன் வெளிய."

அச்சு அசலாக இருந்தது. மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. சாவி திரும்பி, இன்ஜின் பிடித்து, ஸ்டியரிங் அசைவதற்கு மூன்று வினாடி ஆகும். மூன்று வினாடி நீளமான நேரம் சார். என் சொந்தக் குரலில் "நிறுத்து" என்று கத்தியிருக்கலாம். அந்தக் குரல் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

வண்டி இடது பக்கம் மடங்கியது. மற்றதை டாக்டர் எழுதியிருக்கிறார். அவர் என்னைவிடச் சுருக்கமாக எழுதுவார்.

அன்று நீங்கள் விசாரித்தபோது, நான் பதில் சொன்னேன், ஃபோர்மேன் சொல்லிக் கேட்கவில்லை என்றேன். பாதி உண்மை. ஹாரன் அழுதுகொண்டே, "செருமிட்டுச் சொன்னாருங்க, இந்தக் காதால கேட்டேன்" என்றார். யாரும் நம்பவில்லை. அவசரப்பட்டு வண்டியை எடுத்துவிட்டுக் கதை கட்டுகிறார் என்று அவரை உள்ளே வைத்தீர்கள்.

நேற்று தங்கை வீட்டில் இருந்தேன். மாப்பிள்ளையின் இன்னொரு ஜோடி வேலை ஷூ கதவோரம் அப்படியே இருந்தது, நாடாவைக் கட்டி உள்ளே செருகி. நாடா எதிலும் சிக்கக் கூடாது என்று வீட்டிலும் அப்படித்தான் வைப்பார். தங்கை போனைக் கையில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள்.

"அண்ணா, இதுல அவர் குரல் ஒண்ணுகூட இல்ல. எல்லாத்துக்கும் 'சரி'ன்னு எழுதித்தான் அனுப்பியிருக்கார். நீ எல்லார் மாதிரியும் பேசுவியே. ஒரே ஒரு தடவை அவர் மாதிரி என்னைக் கூப்பிடேன்."

"வேணாம்மா."

"சிரிக்கறதுக்குக் கேக்கல. மறந்துடுவேனோன்னு பயமா இருக்கு."

என்னிடம் யாரும் இவ்வளவு மரியாதையாகக் கேட்டதில்லை. கண்ணை மூடி வாயைத் திறந்தேன். அவர் அவளை எப்படிக் கூப்பிடுவார் என்று எனக்குத் தெரியாது. நான் பழகியது வேறு. செருமல் வந்தது. பின்னாலேயே இரண்டு வார்த்தையும் வந்துவிட்டன.

"ஃபோர்மேன் வெளிய."

கண்ணைத் திறந்தேன். தங்கை முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம், இதை நான் சத்தியமாகச் சொல்வேன். அரை நொடி அவர் வீட்டுக்குள் வந்துவிட்டார். பிறகு போனைக் கீழே வைத்தாள்.

"இந்தச் செருமலைத்தானே ஹாரன் அண்ணன் கேட்டேன்னு சொன்னார்?"

ஆமாம் என்பதை எந்தக் குரலில் சொல்வது?

"வீட்டுல அவர் செருமினதே இல்ல அண்ணா" என்றாள். எழுந்து மாப்பிள்ளையின் ஷூவை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு உங்களிடம் வந்தாள். நான் பின்னாலேயே நடந்து வந்தேன். ஓடலாம் என்று தோன்றவில்லை. எனக்கு மூச்சு வாங்கும்.

நீங்கள் கேட்க மறந்த ஒன்று இருக்கிறது. அந்த ஹோஸின் நட்டை அரைச் சுற்று தளர்த்தி வைத்தது யார் என்று. நான்தான், காலை ஒன்பதரைக்கு. கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன். பத்தொன்பது வருடத்தில் என் ஜாயின்ட் எதுவும் தானாகக் கசிந்ததில்லை. யாரும் சொல்லாததால் நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஹாரனை விட்டுவிடுங்கள். நல்ல மனுஷன். நான் எதைச் செய்தாலும் சிரிப்பார். இன்று காலை அவரை வராந்தாவில் உட்கார வைத்திருந்தபோது, என்னைத் தாண்டி நீங்கள் போன பிறகு, உங்கள் குரலில் "எழுந்திருய்யா" என்று மெதுவாகச் சொல்லிக் காட்டினேன். நிமிர்ந்து என்னையே பார்த்தார். சிரிக்கவில்லை. ஒரு வாரமாகத் தூக்கமில்லை அல்லவா. வீட்டுக்குப் போய் இரண்டு நாள் நன்றாகத் தூங்கினால் சிரிப்பார்.