மெழுகுதிரிக் கிரீடம்

— ஃபாதர் முடிவாச் சொல்லிப்போட்டார், அப்பா. ஹோலுக்குள்ள நெருப்பு வேண்டாமாம், எனக்குப் பற்றறியில எரியிற கிரீடம்தானாம். 'கொப்பர் பெனடிக்ற் அண்ணைக்கு நீயே விளங்கப்படுத்து' எண்டார்.

— அப்ப நான் வரேல்லை. நீயும் கொம்மாவும் போங்கோ.

— பகிடி விடாதேங்கோ. லண்டனுக்கு வந்து, மோர்டனில முதல்முதல் புனித லூசியாள் விழா வைக்கிறம், நான்தான் லூசியாள். ஃபாதரிட்டைக் கேட்டு ஒழுங்கு பண்ணினதே நீங்கள்தானே?

— ஓம், நான்தான். டென்மார்க்கில கொக்கா றொசாந்தி தலையில வைச்சது என்ன? உண்மை மெழுகுதிரி, பிள்ளை. மார்கழியில பின்னேரமே அங்கை கும்மிருட்டு. வெள்ளைச் சட்டையோட அவள் முன்னுக்கு வர, மற்றப் பிள்ளையள் பின்னாலை பாடிக்கொண்டு வர, கோயில் விடிஞ்ச மாதிரி இருந்தது. விளங்குதோ?

— அக்காவின்ரை தலைமயிரும் கருகினது. அம்மா இண்டைக்கும் சொல்லிச் சொல்லித் திட்டுவா.

— கிரீடத்துக்குக் கீழை ஈரத்துணி வைக்க மறந்தது கொம்மா. அது மெழுகுதிரியின்ரை பிழையோ? வா, நான் வடிவா வைச்சு விடுறன்.

— வாசல்லயே கழட்டச் சொல்லுவினம். பிறகு லூசியாள் இல்லாமல்தான் பிள்ளையள் பாடிக்கொண்டு வருங்கள். ஏனப்பா இந்த அடம்?

— நேர்த்திக்கடன்.

— என்ன நேர்த்தி?

— அது எனக்கும் லூசியாளுக்கும்.

— அவ கண்ணுக்குக் காவல் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். ஆருக்குக் கண் சரியில்லை?

— சும்மா அலட்டாதை.

— உங்கடை வான் வண்டியின்ரை பக்கக் கண்ணாடியைத் திரும்பவும் உடைச்சுப்போட்டீங்களாம். அம்மா சொன்னவ.

— லண்டன் ஒழுங்கையள் அப்பிடி. டென்மார்க்கில நான் எங்கையாவது முட்டினனானோ?

— சரி, விடுங்கோ. பற்றறி எண்டா என்ன குறை? அதுவும் எரியுதுதானே.

— அது என்ன வெளிச்சம், மின்மினிப் பூச்சி. நீ லூசியாளா நடந்து வரேக்க அந்தச் சுவாலை எனக்குத் தெரியவேணும், பிள்ளை. இந்த வருசம் கட்டாயம் தெரியவேணும். வேறை ஒண்டும் நான் கேக்கேல்லை.

— நீங்கள் வராட்டி நான் லூசியாள் வேசம் போடமாட்டன், அப்பா. உங்களுக்காகத்தான் ஓமெண்டனான்.

— அழாதை, பிள்ளை. சரி, ஃபாதரோட ஏன் பிரச்சினை? போய் அந்தப் பற்றறிச் சாமானைக் கொண்டு வா. தலையில வைச்சு எரியவிட்டுக் காட்டு. எனக்குப் பிடிச்சா வாறன். என்ன, போகாமல் மரம் மாதிரி நிக்கிறாய்?

— அப்பா… நான் உள்ளுக்கு வரேக்கையே அதைத் தலையில எரியவிட்டுக்கொண்டுதான் வந்தனான்.